காற்றுத் துப்பாக்கிக்குக் காற்று நிரப்ப: கைப்பம்பா, சுழியோடிச் சிலிண்டரா?

10 மீற்றர் போட்டிக்கான 4.5 மில்லிமீற்றர் காற்றுத் துப்பாக்கியை உரிய அனுமதியுடன் வைத்திருப்போருக்கு, அதன் சிறு சிலிண்டரில் சுமார் 200 பார் அழுத்தம் வரை காற்றை எதனால் ஏற்றுவது என்பதே முதற் கேள்வியாகிறது.

கைப்பம்ப் வெளியாரை நம்பியிராதது. வெள்ளவத்தைத் தொடர்மாடியின் ஒரு மூலையில் அடங்கிவிடும். ஆனால் கடலோரக் காற்றின் ஈரப்பதன்தான் அதன் உண்மையான எதிரி. அவ்வளவு இறுக்கத்துக்கு அமுக்கப்படும் காற்றிலுள்ள நீராவி நீர்த்துளிகளாகப் படிகிறது. உலர்த்திக் குறுமணிகள் நிறைந்த வடிகட்டி இல்லாவிட்டால் அந்த ஈரம் துப்பாக்கிக்குள் சென்று உட்பாகங்களை அரிக்கும். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறியதும் மாற்றிவிட வேண்டும். தொடர்ந்து அடித்தால் பம்பும் கொதிக்கும், அடிப்பவரும் கொதிப்பார். இடையிடையே ஆறவிடுவது நல்லது.

12 லீற்றர் சுழியோடிச் சிலிண்டரில் வருவதோ கம்பிரசரிலேயே உலர்த்தி வடிகட்டப்பட்ட காற்று. வால்வை மெதுவாகத் திறந்தால் ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும். ஒவ்வொரு நிரப்பலுக்கும் சுழியோடிச் சிலிண்டரின் அழுத்தம் சிறிது இறங்கினாலும், துப்பாக்கியின் சீராக்கி (ஒவ்வொரு சூட்டுக்கும் காற்றழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் பாகம்) அதைவிடக் குறைந்த அழுத்தத்திலேயே இயங்குவதால் பயிற்சிக்குக் குறையில்லை. நிரப்பிய உருக்குச் சிலிண்டரை மூன்று மாடி சுமப்பதும், அழுத்தச் சோதனைத் திகதியைக் கவனிப்பதும் தொல்லைதான். இருந்தும், வாரத்தில் பல நாள் பயிற்சி செய்பவருக்கு நான் சிலிண்டரையே சொல்வேன். எதில் நிரப்பினாலும் ஒட்சிசன் சிலிண்டரை மட்டும் அண்டக்கூடாது. எண்ணெய்ப்பசையோடு சேர்ந்தால் அது வெடிக்கக்கூடியது.