ஷூ ட்ரீயை எவ்வளவு இறுக்கலாம்? சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

தோல் ஷூ வாங்குபவர்கள் பாலிஷுக்கும் பிரஷ்ஷுக்கும் யோசிக்காமல் செலவழிப்பார்கள். கழற்றிய ஷூவின் வடிவம் கெடாமல் இருக்க உள்ளே வைக்கும் கால் வடிவக் கட்டையான ஷூ ட்ரீ என்றதும், "பழைய பேப்பரைத் திணித்து வைத்தால் போதாதா?" என்பார்கள். நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஷூ ட்ரீக்களைச் சில வருடங்களாகத் தினமும் பயன்படுத்தி வருகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தோல் ஷூ நீண்ட நாள் உழைக்க, நல்ல பாலிஷைவிட இதுதான் அதிகம் உதவியிருக்கிறது. ஆனால் அளவு பார்த்து வைக்க வேண்டும். கண்டபடி இறுக்கினால் அதே கருவி ஷூவைக் கெடுத்துவிடும்.

நடக்கும்போது விரல்கள் மடங்கும் இடத்தில் மேல்தோலும் மடங்குகிறது. கூடவே கால் வியர்வையை லைனிங்கும், பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோலும் உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. மாலையில் கழற்றும்போது ஷூ கதகதப்பாக, லேசான ஈரத்தோடு இருக்கும். ஈரத்தோல் எந்த நிலையில் காய்கிறதோ அந்த நிலையிலேயே நின்றுவிடும். மடிந்தபடியே காய்ந்தால் மடிப்பு ஆழமாகிக்கொண்டே போய், ஒரு நாள் அந்தக் கோட்டிலேயே வெடிப்பு விடும். தோல் சோல் என்றால் முனை மேல்நோக்கி வளையவும் தொடங்கும். ஷூவைக் கழற்றிய கொஞ்ச நேரத்துக்குள், தோல் இளகியிருக்கும்போதே ட்ரீயை வைத்துவிட வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். மறுநாள் காலையில் வைத்தால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது.

என்னிடம் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று செடார் மரத்தில் செய்தது. முன்பகுதி நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும், நடுவில் சின்ன ஸ்பிரிங். பின்னால் குதிகால் கட்டைக்கும் முன்கட்டைக்கும் இடையே உலோகக் குழாய், அதற்குள் இன்னொரு ஸ்பிரிங். உள்ளே வைத்ததும் தானாகவே நீண்டு, தானாகவே விரிந்து ஷூவை நிரப்பிக்கொள்ளும். மற்றது பிளாஸ்டிக். அதில் பல் வெட்டிய தண்டு ஒன்று இருக்கிறது. பொத்தானை அழுத்தி ஒவ்வொரு பல்லாக நீட்டலாம், குறைக்கலாம். விட்டதும் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும்.

இப்படி நீட்டிக் குறைக்கும் வசதி எதற்கு என்று கேட்டால், கணக்கு எளிது. ஐரோப்பிய அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் 6.67 மில்லிமீட்டர் வித்தியாசம். ஆங்கிலேய அளவில் 8.47 மில்லிமீட்டர். 41 முதல் 43 வரை ஒரே அளவு ட்ரீ என்று விற்றால் அது 13 மில்லிமீட்டருக்கு மேல் ஈடுகட்ட வேண்டும். போதாததற்கு, ஒரே எண் போட்ட இரண்டு ஷூக்கள்கூட உள்ளே ஒரே நீளம் இருக்காது. கூர்முனை ஷூவில் விரலுக்கு முன்னால் காலி இடம் அதிகம், உருண்ட முனை ஷூவில் குறைவு. எந்த அச்சில், அதாவது எந்தக் கால் வடிவக் கட்டையின் மேல், ஷூவைத் தைத்தார்களோ அதைப் பொறுத்தது அது. ஒவ்வொரு ஷூவுக்கும் அதன் அச்சுக்கே செதுக்கிய ட்ரீ கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. அது இல்லாதவர்களுக்கு நீளம் மாற்றக்கூடியதுதான் அடுத்த நல்ல வழி.

வைக்கும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பலன் முழுக்க இதில்தான் இருக்கிறது. முதலில் லேஸைத் தாராளமாகத் தளர்த்த வேண்டும். பல் தண்டு வகையை முடிந்தவரை குறுக்கிக்கொண்டு, முன்கட்டையை ஷூவின் முனைவரை தள்ளி, குதிகால் பகுதியைக் கீழே அமர்த்த வேண்டும். பிறகு ஒவ்வொரு பல்லாக நீட்டும்போது பார்வை முன்னால் உள்ள மடிப்பில் இருக்கட்டும், கட்டைவிரல் பின்தையல் மேல் இருக்கட்டும். மடிப்பு ஆழம் குறைந்து மெல்லிய கோடாகும் ஒரு கட்டம் வரும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். கோடே தெரியாமல் போகட்டும் என்று இன்னும் இரண்டு பல் நீட்டினால் முன்னால் எதுவும் மாறாது. பின்தையல் கட்டைவிரலுக்கடியில் வெளியே புடைப்பது மட்டும் தெரியும். அப்போது ஒரு பல் குறைத்துவிட வேண்டும். ஷூவின் வாய் அகலத் திறந்து நின்றாலும் அதிகமாகிவிட்டது என்றே அர்த்தம். இடது, வலது இரண்டுக்கும் ஒரே பல் எண்ணிக்கை வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பலருக்கு ஒரு கால் சற்றுப் பெரிது, அந்த ஷூ அதற்கேற்ப இளகியிருக்கும். நான் தண்டிலேயே பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

நீண்ட நாள் பயன்படுத்தினால்தான் புரியும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஸ்பிரிங் வகை ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். தோல் சற்று விட்டுக்கொடுத்தால் ஸ்பிரிங்கும் சேர்ந்து நீளும், இன்னும் தள்ளும். பூட்டிக்கொள்ளும் வகை அப்படியில்லை. வைத்த இடத்தில் நிற்கும், தோல் அதற்கு அமைந்ததும் அழுத்தம் அடங்கிவிடும். லேஸ் கட்டும் கனமான ஷூவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை. லோஃபரில் நன்றாகவே தெரியும். லோஃபருக்கு இழுத்துக் கட்ட லேஸ் கிடையாது, பின்பகுதி காலைப் பிடித்திருப்பதுதான் அதன் பலம். வலுவான ஸ்பிரிங் ட்ரீயை வாரக்கணக்கில் விட்டுவைத்தால் அந்தப் பிடி தளர்ந்து, நடக்கும்போது குதிகால் கழன்று கழன்று வரும். லேஸால் இறுக்கிச் சமாளிக்கவும் வழியில்லை. என் லோஃபர்களுக்குப் பூட்டும் வகை மட்டும்தான், அதுவும் ஒரு பல் குறைவாக. எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும் இந்த விஷயத்தில் நான் மாற மாட்டேன்.

குதிகால் பகுதியின் வடிவத்தையும் பார்த்து வாங்குங்கள். சுருள் கம்பியின் நுனியில் சின்ன உருண்டை மட்டும் வைத்த மலிவு வகை ஒன்று உண்டு. மொத்த விசையும் பின்தையலில் ஒரு புள்ளியில் போய் விழும், நாளடைவில் அங்கே ஒரு மேடு எழும்பும். நிஜக் குதிகால் போல அகலமாக இருந்தால் அழுத்தம் பரவிவிடும்.

மரமா பிளாஸ்டிக்கா என்றால், வீட்டில் மரம், பயணத்தில் பிளாஸ்டிக். வார்னிஷ் அடிக்காத மரம் லைனிங்கின் ஈரத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். வார்னிஷ் அடித்துப் பளபளவென்று இருக்கும் மரத்தால் வடிவம் மட்டும்தான் நிற்கும், ஈரத்துக்கு உதவாது. ஷூ ட்ரீக்குப் பெரும்பாலும் பயன்படும் வாசனை செடார், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் ஜூனிபெரஸ் வர்ஜினியானா என்ற மரம். ஒரு காலத்தில் பென்சில்களையும் இதில்தான் செய்தார்கள். அதனால் புது ட்ரீயை முகர்ந்தால் பென்சில் சீவிய வாசனை வருவதில் வியப்பில்லை. அந்த வாசனை நாளாக நாளாக மங்கும். மெல்லிய உப்புத்தாளால், 220 எண் அளவு போதும், லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்தால் திரும்பிவிடும். பீச் (beech) மரத்திலும் நல்ல ட்ரீக்கள் வருகின்றன. வாசனை இருக்காது, வடிவத்தில் குறையில்லை.

மழையில் முழுக்க நனைந்த ஷூவுக்குள் உடனே ட்ரீயை வைக்காதீர்கள். அந்த அளவு தண்ணீரை மரம் வாங்காது, உலோகக் குழாய்தான் துருப்பிடிக்கும். முதலில் பேப்பரைத் தளர்வாகச் சுருட்டி வைத்து, நனைந்ததும் மாற்றி, சொட்டு ஈரம் போனபின் ட்ரீ. ஹீட்டர், ஹேர் டிரையர் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். மரப்பட்டையில் பதனிட்ட தோல் ஈரமாக இருந்தால் 70 முதல் 85 டிகிரி செல்சியஸிலேயே சுருங்கத் தொடங்கிவிடும். குரோமிய உப்பில் பதனிட்டது கூடுதலாகத் தாங்கும், ஆனால் அதுவும் வெப்பத்தில் வறண்டு விறைத்துப்போகும்.

பாலிஷ் போடும்போதும் ட்ரீ உள்ளே இருக்கட்டும். தோல் விறைப்பாக நிற்பதால் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் தூசியும் பழைய மெழுகும் பிரஷ்ஷுக்கு எட்டும், கிரீமும் எல்லா இடத்திலும் சமமாகப் பிடிக்கும்.

நாட்பட நாட்பட என்ன ஆகிறது? மரக்கட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. குதிகால் கட்டையைக் குழாயோடு பிணைக்கும் திருகு ஆடத் தொடங்கியது. துளைக்குள் கொஞ்சம் மரப்பசையோடு ஒரு தீக்குச்சியை ஒடித்துச் செருகி மறுபடி திருகியதும் இறுகிவிட்டது. ஒற்றைக் குழாய் வைத்த ஜோடியில் முன்கட்டை லேசாகத் திரும்பிக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் கையால் நேராக்க வேண்டியிருக்கிறது. இரட்டைக் குழாய் ஜோடியில் அந்தத் தொல்லையே இல்லை. அடுத்து வாங்கினால் அதைத்தான் வாங்குவேன். பிளாஸ்டிக்கில் பற்களின் முனை மழுங்கி வருகிறது. பொத்தானை முழுக்க அழுத்தாமல் தண்டை இழுத்தால் இது சீக்கிரமே நடக்கும்.

வலை போன்ற துணியில் செய்த ஓட்ட ஷூக்களுக்கு இதனால் பெரிய பயன் இல்லை, அவற்றில் முதலில் தேய்வது அடிப்பகுதிதான். தோல் ஸ்னீக்கருக்கு நிச்சயம் வைக்கலாம். கணுக்கால் பூட்ஸுக்குப் புறங்கால் உயரமாக உள்ள ட்ரீ தேவை, சாதாரண ட்ரீ உள்ளே தொளதொளவென்று கிடக்கும். இன்னொன்று: திருகைச் சுற்றச் சுற்ற அகலும் ஷூ ஸ்ட்ரெச்சர் என்பது வேறு கருவி. கடிக்கிற ஷூவைப் பெரிதாக்குவது அதன் வேலை. பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் ட்ரீயை வைத்து அந்த வேலையைச் செய்யப் பார்க்கிறார்கள், ஷூவும் போகிறது ட்ரீயும் போகிறது.

எத்தனை ஜோடி ட்ரீ வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: இரண்டு ஜோடி ஷூவை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுபவராக இருந்தால் ஒரு ஜோடி ட்ரீயோடு தொடங்கலாம். அன்று கழற்றிய ஷூவுக்குத்தான் அது முதலில் தேவை. ஒரு நாள் ஓய்வு கிடைத்த ஷூ ஏற்கெனவே வடிவத்தில் காய்ந்திருக்கும், அதிலிருந்து எடுத்து இதில் வைத்துவிடலாம். மாற்றும்போது நீளத்தை மறுபடி சரிபார்த்துக்கொள்ளுங்கள்.