ட்ரவுட் ஈ கட்ட: ஆரணிப் பட்டும் ரெட்டிச் முள்ளும்

வேலூரில் ட்ரவுட் கிடையாது. அந்த மீன் வேண்டுமென்றால் நீலகிரி ஏறி அவலாஞ்சி வரைக்கும் போக வேண்டும். 1907-இல் அங்கே குஞ்சு பொரிப்பகம் கட்டி வானவில் ட்ரவுட்டை ஓடைகளில் விட்டார்கள். ஆனால் அதைப் பிடிக்கும் ஈயைக் கட்ட எங்கள் வட ஆற்காடு போல வாகான ஊர் இல்லை என்றே நினைக்கிறேன். தூண்டில் முள்ளின்மேல் பட்டு நூலைச் சுற்றி, இறகைக் கட்டி, பூச்சி போலத் தெரிய வைப்பதுதான் ஈ. அதற்குத் தேவையான ஏறக்குறைய எல்லாமே ஒரு பஸ் தூரத்துக்குள் கிடைக்கிறது. இறக்குமதிச் சாமான்களையும் உள்ளூர்ச் சாமான்களையும் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்ததில் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் நூல். பழைய இங்கிலாந்து ஈக்களுக்குப் பட்டுதான் உடம்பு. பியர்சால்ஸ் கம்பெனியின் காசமர் பட்டுதான் அதற்குப் பேர்போனது. இன்று பெரும்பாலோர் பாலியஸ்டர் அல்லது நைலான் நூலுக்குப் போய்விட்டார்கள். மெல்லிசாக இருக்கும், இழுத்தால் தாங்கும், மக்காது. கண்ணுக்கே தெரியாத 18-ஆம் நம்பர் முள்ளில் கட்டுவதென்றால் நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் 'கிரீன்வெல்ஸ் குளோரி' கட்டிப் பாருங்கள். 1854-இல் ட்வீட் நதிக்கரையில், பாதிரியார் கிரீன்வெல்லுக்காக ஜேம்ஸ் ரைட் கட்டிக்கொடுத்த ஈ அது. மஞ்சள் பட்டில் மெழுகை இழுத்தால் இழை மெல்ல மெல்ல ஆலிவ் பச்சைக்கு இறங்கும். பாலியஸ்டரில் மெழுகு மேலே பூச்சாக நிற்குமே தவிர உள்ளே இறங்காது. மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். அந்த ஈயின் உயிரே அந்த நிறத்தில்தான் இருக்கிறது.

ஆரணியில் நெசவு வீடுகளில் மிச்சம் விழும் சாயப்பட்டு எனக்கு இதற்குப் போதும். நெடுக்கில் ஓடும் பாவு நூலைக் கேட்காதீர்கள், குறுக்கே ஓடும் ஊடையைக் கேளுங்கள். பாவுக்கு முறுக்கு அதிகம். முள்ளின்மேல் கயிறு மாதிரி மேடு தட்டும். ஊடை இழை முறுக்கு குறைவு, பட்டையாகப் படியும். கொத்தாக இருப்பதைப் பிரித்து, வேண்டிய இழையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு குறை உண்டு: நூலைப் பிடித்துக் கட்ட உதவும் போபினில் சுற்றி ஈரத்தில் வைத்தால் இற்றுப்போகும். கட்டுவதற்கு முன் ஒரு முழம் இழுத்துச் சோதித்துவிடுங்கள். மெழுகு, ஜவ்வாது மலைத் தேன்மெழுகு. அதில் கொஞ்சம் குங்கிலியமும் இரண்டு சொட்டு விளக்கெண்ணெயும் சேர்த்து உருக்கினால் விரலில் ஒட்டுகிற பதம் வரும். நிறம் இன்னும் இருள வேண்டுமென்றால் செருப்புத் தைப்பவர்கள் நூலில் தேய்க்கும் கறுப்பு மெழுகு.

ஈயின் உடம்பில் ஓடும் பொன் வரிக்கு ஜரிகை. வெளிநாட்டு 'ஓவல் டின்சல்' என்பது நூல்மேல் தட்டையான உலோகத்தைச் சுற்றியது. நம் ஜரிகையும் அதேதான். அசல் ஜரிகை கறுக்க நாளாகும், போலி ஒரே மழைக்காலத்தில் செம்பு நிறமாகிவிடும். இதில் இறக்குமதிக்குக் காசு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நீருக்கடியில் வாழும் இளம்பூச்சி போலக் கட்டும், செம்புக் கம்பி வேண்டிய நிம்ஃப் ஈக்களுக்கு மோட்டார் வைண்டிங் கடையில் 38 கேஜ் கேளுங்கள். அது சுமார் 0.15 மில்லிமீட்டர், 14-ஆம் நம்பர் முள்ளுக்குச் சரியாக இருக்கும்.

இறகில்தான் உண்மையான போட்டி. கொலராடோவின் வைட்டிங் பண்ணைச் சேவல்கள் தலைமுறை தலைமுறையாக இறகுக்காகவே பொறுக்கி வளர்க்கப்பட்டவை. ஒரே இறகு சாண் நீளத்துக்கு மேல் வரும், அதில் நாலைந்து ஈ கட்டலாம், விறைப்பும் ஒரே சீராக இருக்கும். தண்ணீர்மேல் மிதக்க வேண்டிய ஈக்கு அதுதான் மேல். இதில் உள்ளூர்ப் பற்றுக்கு இடமில்லை. நாட்டுச்சேவல் கழுத்து இறகு குட்டை, ஓர் ஈக்கு இரண்டு இறகு போகும். ஒரு வயசு தாண்டிய சேவலாகவும் இருக்க வேண்டும். பிராய்லர் ஆறு வாரத்தில் வெட்டுக்குப் போவது. அதன் இறகு எதற்கும் ஆகாது.

முங்கும் ஈ என்றால் கதையே வேறு. அதற்கு மெதுவான, தண்ணீர் குடிக்கிற இறகு வேண்டும். நாட்டுப்பெட்டையின் கழுத்து இறகு அப்படியே பொருந்தும். கோழிக்கடைப் பையன், "இன்னாண்ணா, கறிய வுட்டுட்டுத் தோலக் கேக்குறீங்க?" என்று வியந்தான். இப்போது செம்பழுப்புப் பெட்டை வந்தால் அவனே போன் செய்கிறான். தோலில் உப்பும் வெங்காரமும் தடவி நிழலில் உலர்த்தி, ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் பூச்சி அண்டாது.

பழைய ஈக்கள் கேட்கும் கௌதாரி இறகை நாம் தொடக்கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கௌதாரியையும் காட்டுக்கோழியையும் காக்கிறது. சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்தில் மெழுகுச் சொட்டு போல மின்னும் இறகுக்காக ஒரு காலத்தில் மூட்டை மூட்டையாக ஏற்றுமதி நடந்தது. ஜவ்வாது மலையில் அது கூவுவதைக் கேட்டவர்களுக்கு அந்த இறகு பெட்டியில் இருப்பதைவிடப் பறவையின் கழுத்தில் இருப்பதே அழகு. கௌதாரிக்குப் பதிலாகப் பண்ணைக் காடையின் இறகையும் கினிக்கோழி இறகையும் ஆரஞ்சுப் பட்டோடு கட்டிப் பார்த்தேன். கினிக்கோழியின் வெள்ளைப் புள்ளி தூக்கலாகத் தெரிகிறது, நார் முரடு. காடையின் பழுப்பு வரி கௌதாரிக்கு மிக அருகில் வருகிறது. காம்புதான் பொடிசு, பார்த்துச் சுற்ற வேண்டும். மயிலிறகு வள்ளிமலையில் வாங்கியது. தானாக உதிர்ந்ததை நாட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம், வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. அதன் நார் சட்டென்று அறும். பட்டோடு சேர்த்து முறுக்கிச் சுற்றுங்கள்.

கருவிகளுக்கு மருத்துவமனைப் பக்கத்து சர்ஜிக்கல் கடையே போதும். நுனி வளைந்த சிறு கத்தரி, ஒரு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ். ஃபோர்செப்ஸின் பல் இறகுக் காம்பை வெட்டிவிடும் என்பதால் இரண்டு தாடையிலும் சைக்கிள் வால்வு டியூபை வெட்டி மாட்டிக்கொள்ளுங்கள். போபின் மட்டும் பீங்கான் குழாய் வைத்ததாக வாங்குங்கள். மலிவான இரும்புக் குழாயின் விளிம்பு பட்டைச் சீவிவிடும். முள்ளைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் இந்தியத் தயாரிப்பே போதும்.

முள்ளில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெயரில்லாத பாக்கெட்டில் வந்த முள்ளில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பன்னிரண்டு ஈ கட்டினேன். அவலாஞ்சி ஓடையில் மூன்றாவது வீச்சிலேயே மீன் கடித்தது. தங்கூசி விறைத்தது, பக்கவாட்டில் ஒரு ரோஸ் கோடு மின்னியது, பிறகு கனமே இல்லை. இழுத்துப் பார்த்தால் பட்டும் இறகும் குலையாமல் இருந்தன. முள் மட்டும் நிமிர்ந்து ஊசியாகியிருந்தது.

அன்றிலிருந்து பார்ட்ரிட்ஜ் ஆஃப் ரெட்டிச், முஸ்டாட், டீம்கோ, இவற்றில் ஒன்றுதான். ரெட்டிச் ஊசிக்கும் முள்ளுக்கும் பேர்போன ஆங்கிலேய ஊர். கடையில் கெண்டைக்கு விற்கும் சின்ன முள்ளுக்குத் தண்டு குட்டை, முனை உள்வளைவு, நூல் கோக்கும் கண்ணுக்குப் பதில் தட்டை. உடம்பு கட்ட இடமே இருக்காது. முங்கும் ஈக்குத் தடித்த கம்பி, மிதக்கும் ஈக்கு மெல்லிய கம்பி, 12 முதல் 16 வரை வாங்குங்கள். நம்பர் ஏற ஏற முள் சின்னது. எந்த முள்ளானாலும் வைஸில் மாட்டியதும் தண்டை நகத்தால் ஒரு தட்டு தட்டுவேன். டிங்கென்று அதிர்ந்து பழைய இடத்துக்கு வந்தால் கட்டத் தொடங்குவேன். கொஞ்சம் வளைந்தே நின்றால் அந்தப் பாக்கெட்டையே ஒதுக்கிவிடுவேன்.