பார்கோடு இல்லாத மளிகைக் கடைக்கு டாலி பிரைம் சரிப்படுமா?

விருதுநகர் பக்கம் மளிகை, பருப்பு, வற்றல் விற்கும் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். "மூட்டையைப் பிரித்து கால் கிலோ, அரைக் கிலோ என்று நிறுத்துக் கொடுக்கிறோம். எங்களுக்கு டாலி எதுக்கு?" என்று அந்தக் கணக்கு மென்பொருளைப் பற்றிக் கடைக்காரர்கள் கேட்பார்கள். தாராளமாக வாங்குங்கள் என்பேன். ஒரே ஒரு அமைப்பை மட்டும் மாற்ற வேண்டும்.

எஃப்11 அழுத்தினால் 'இன்டகிரேட் அக்கவுன்ட்ஸ் வித் இன்வென்டரி' என்று ஒரு வரி இருக்கும். அதை 'நோ' ஆக்கிவிட்டால், சரக்கிருப்பின் மதிப்பை டாலி தானாகக் கணக்கிட்டு லாப நட்டக் கணக்கில் போடாது. 'ஸ்டாக் இன் ஹேண்ட்' தொகுப்பில் ஒரு லெட்ஜர் (கணக்குத் தலைப்பு) திறந்து, தேதியையும் அன்றைக்கு எண்ணிய இருப்பின் மதிப்பையும் நாமே எழுத வேண்டும். கிலோவாரியாக விற்பனை பதிய முடியாத கடைக்கு இதுதான் நேர்மையான வழி.

ஒரு காலாண்டு உதாரணம் பாருங்கள். தொடக்க இருப்பு 6,40,000 ரூபாய். கொள்முதல் 21,50,000. லாரி வாடகை, இறக்குகூலி 22,000. கடைசி நாள் எண்ணிய இருப்பு 7,00,000. முதல் மூன்றையும் கூட்டி இருப்பைக் கழித்தால், விற்ற சரக்கின் அடக்கம் 21,12,000. விற்பனை 24,00,000 என்றால் மொத்த லாபம் 2,88,000, அதாவது 12 சதவீதம். இந்தச் சதவீதத்தை 'ரேஷியோ அனாலிசிஸ்' அறிக்கை தனியாகவே காட்டும். எனக்கு டாலியில் மிகப் பிடித்த பக்கம் அதுதான். லாரி வாடகையை 'டைரக்ட் எக்ஸ்பென்சஸ்' தொகுப்பில் வைத்தால்தான் இந்தக் கணக்கில் வரும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

இனி முக்கியமான சங்கதி. நீங்கள் எழுதும் இருப்புத் தொகை சரியா தவறா என்று டாலிக்குத் தெரிய வழியில்லை. மேலே சொன்ன கடையில் இருப்பை 50,000 கூட்டி எழுதினால், லாபம் 3,38,000 ஆகி 14 சதவீதத்தைத் தாண்டிவிடும். அடுத்த காலாண்டில் அதே 50,000 லாபத்தில் குறையும். கடைக்காரர் வியாபாரம் படுத்துவிட்டதென்று கவலைப்படுவார்.

எண்ணும் இடத்தில்தான் கவனம் வேண்டும். வற்றல் மூட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது இருந்த எடை இரண்டு மாதம் கழித்து இருக்காது, காய்ந்து குறைந்திருக்கும். பில்லில் இருக்கும் கிலோவை அப்படியே எழுதாமல், தராசில் ஏற்றி, சாக்கின் எடையைக் கழித்து எழுத வேண்டும். விலையும் அப்படித்தான். பலர் விற்கிற விலையைப் போட்டுவிடுகிறார்கள். விற்காத சரக்குக்கு லாபம் ஏது? வாங்கிய அடக்கத்தைப் போடுங்கள். பூச்சி விழுந்து விலை இறங்கிய பருப்பு என்றால், அடக்கத்துக்கும் விற்றால் கைக்கு வரும் தொகைக்கும் எது குறைவோ அது. கொள்முதலில் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கும் கடைக்காரர் அதை அடக்கத்தில் சேர்க்கக் கூடாது. விற்பனையில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அந்த ஜிஎஸ்டி திரும்பி வராது, அவர் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மார்ச் 31 சாயங்காலம் சரக்கு இறங்கியிருக்கும், பில் ஏப்ரலில்தான் பதிவாகும். அந்த மூட்டையை இருப்பில் எண்ணிவிட்டால் கொள்முதல் இல்லாத சரக்கு கணக்கில் நுழைந்து லாபம் ஊதிப்போகும். எண்ணத் தொடங்கும் முன் கடைசியாக வந்த பில்கள் ஏறிவிட்டனவா என்று பாருங்கள்.

இந்த முறையில் திருட்டு, எலி தின்றது, எடை குறைந்தது எல்லாம் விற்ற சரக்கின் அடக்கத்திலேயே கரைந்துவிடும், தனி வரியாகத் தெரியாது. அதனால்தான் அந்தச் சதவீதத்தைக் காலாண்டுக்குக் காலாண்டு ஒப்பிடச் சொல்கிறேன். 12 இருந்தது 9 ஆனால், விலை குறைத்து விற்றோமா, விற்பனை பதியாமல் விட்டதா, சரக்கு வெளியே போகிறதா என்று அன்றைக்கே தேட ஆரம்பிக்கலாம். இருப்பை எண்ணிப் போடாத மாதத்துக்கு லாபத்தைத் திறந்து பார்ப்பதில் அர்த்தமே இல்லை.

பிளஸ் 2 கணக்குப்பதிவியல் பாடத்திலேயே டாலி இருப்பதால், பதிவு செய்யத் தெரிந்த பிள்ளைகள் நம் ஊரிலேயே கிடைக்கிறார்கள். இது பெரிய வசதி. ஒரு கணினி மட்டும் உள்ள கடைக்கு சில்வர் உரிமம் போதும். வாங்குமுன் கல்விப் பதிப்பில் பழகிப் பாருங்கள், மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும் பதிய விடும்.

பார்கோடு ஒட்டி விற்கும் சூப்பர் மார்க்கெட் வைத்திருப்பவர்கள் நான் சொன்னதைச் செய்ய வேண்டாம். எஃப்11-இல் உள்ள அந்த 'இன்டகிரேட்' அமைப்பை 'எஸ்' என்றே வையுங்கள்; எண்ணும்போது வரும் வித்தியாசம் பொருள்வாரியாகக் கிடைக்கும், அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.