தொலைநோக்கிக்குச் சூரிய ஃபில்டர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

2019 டிசம்பர் 26 வளைய சூரிய கிரகணத்தின்போது தொலைநோக்கியின் முன்னால் மாட்டிச் சூரிய ஒளியைக் குறைக்கும் ஃபில்டர் என்று எனக்குப் போலியை விற்ற அதே ஆசாமி, இப்போது 2027 ஆகஸ்டு கிரகணத்தைக் காட்டி மறுபடியும் விளம்பரம் போட ஆரம்பித்திருக்கிறார். கடைப் பெயர் மாறியிருக்கிறது. படமும் வாசகமும் அப்படியே இருக்கின்றன. பெயரை நான் எழுதப் போவதில்லை. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று என்று பெயரை மாற்றுகிறவரைப் பெயர் சொல்லி என்ன பயன்? சரக்கை அடையாளம் கண்டுகொண்டால் போதும்.

2019 கிரகணத்தின் பாதை கோவை, திருப்பூர், கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகப் போனது. காலை எட்டு மணி சுமாருக்குத் தொடங்கி, ஒன்பதரை வாக்கில் வளையம். அது நிற்பதே சுமார் மூன்று நிமிடம்தான். என்னிடம் இருப்பது 80 மி.மீ. விட்டமும் 600 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட சாதாரண லென்ஸ் தொலைநோக்கி. குவியத்தூரத்தைச் சுமார் 110 ஆல் வகுத்தால் சென்சாரில் விழும் சூரியனின் அளவு கிடைக்கும். எனக்கு ஐந்தரை மி.மீ. வரும். வளையத்தை விளிம்போடு காட்ட அது தாராளம். கேமராவைப் பொருத்தும் டி-ரிங், அடாப்டர் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்துவிட்டன. ஃபில்டர்தான் பாக்கி. கிரகணம் நெருங்க நெருங்க, ஃபில்டர் செய்வதற்கான அசல் ஃபிலிம் எந்தக் கடையிலும் இல்லை.

அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. "ஜெர்மன் ஃபிலிம், ஏ4 அளவு, 1,800 ரூபாய், கடைசிச் சில தாள்கள் மட்டுமே." தொலைபேசியில் பேசினேன். "சார், கண் டாக்டர்களே நம்மிடம்தான் வாங்குகிறார்கள்" என்றார். தொலைநோக்கியில் கேமரா வைத்துப் படமெடுக்கப் போகிறேன் என்று தெளிவாகச் சொல்லித்தான் பணம் அனுப்பினேன்.

வந்த உறையைப் பிரித்தால், நான்காக மடித்த ஒரு பளபளப்புத் தாள். நல்ல ஃபிலிமை யாரும் நான்காக மடித்து அனுப்ப மாட்டார்கள். அட்டை வைத்துத் தட்டையாக அனுப்புவார்கள். ஓரத்தில் "ஐஎஸ்ஓ 12312-2" என்று ஒரு ஸ்டிக்கர். ஈர விரலால் தேய்த்ததும் எழுத்து கலைந்து நீலமாக விரலில் ஒட்டிக்கொண்டது. அந்தத் தர எண் கிரகணக் கண்ணாடி போட்டுக்கொண்டு நேரடியாகச் சூரியனைப் பார்ப்பதற்கானது. ஸ்டிக்கர் உண்மையாகவே இருந்தாலும், தொலைநோக்கிக்கு அது ஒன்றே சான்றாகிவிடாது.

வீட்டுக்குள்ளேயே தாளைப் பிடித்துப் பார்த்தேன். டியூப்லைட் முழுசாகத் தெரிந்தது. ஜன்னல் கம்பிகளை எண்ண முடிந்தது. கண்ணால் பார்ப்பதற்கான அசல் ஃபிலிமின் ஒளியடர்த்தி (ஒளியை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு) 5. வரும் ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். அதன் வழியாக வீட்டுக்குள் எதுவும் தெரியக் கூடாது. மிகப் பிரகாசமான விளக்கு மட்டும் மங்கலாகத் தெரியலாம்.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும் என்று கேமராவிலும் சோதித்தேன். கண்ணை வைக்கவில்லை, திரையில் மட்டும் பார்த்தேன். தாளை அட்டை வளையத்தில் ஒட்டித் தொலைநோக்கியின் முன்பக்கம் மாட்டி, குறிபார்க்க மேலே பொருத்தியிருக்கும் ஃபைண்டரை மூடிவிட்டு (அதுவும் ஒரு தொலைநோக்கிதான், பலர் மறந்துவிடுகிறார்கள்), குழாயின் நிழல் தரையில் மிகச் சிறிதாகும்வரை திருப்பிச் சூரியனைப் பிடித்தேன். என் தொலைநோக்கி எஃப்/7.5 (குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்தால் வருவது). அசல் ஃபிலிம் என்றால் கேமராவின் ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 100இல் வைத்து 1/400, 1/500 நொடி வாக்கில் தெளிவான வட்டம் வர வேண்டும். இங்கே 1/4000 வைத்தும் வெள்ளையாகப் பொங்கி நின்றது.

படமெடுக்க மட்டும் என்று ஒளியடர்த்தி 3.8 உள்ள ஃபிலிமும் உண்டு. பதினாறு மடங்கு கூடுதலாக ஒளியை விடும். ஒருவேளை அதுவோ என்று கேட்பீர்கள். எனக்கும் அந்த எண்ணம் வந்தது. முன்மூடியில் இருக்கும் 40 மி.மீ. சிறு துளையை மட்டும் திறந்து, அதன் மேல் தாளை வைத்துப் பார்த்தேன். ஒளி கால் பங்காகிவிடும். 3.8 ஃபிலிமாக இருந்தால் 1/2000 பக்கத்திலேயே ஒழுங்கான படம் வந்திருக்க வேண்டும். 1/4000இலும் அதே வெள்ளைப் பொங்கல். பரிசுப் பொட்டலம் கட்டுகிற காகிதமோ வேறு எதுவோ, சூரியனுக்கானது இல்லை. கேமரா காட்டியது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் கதையை மட்டும்தான். அகச்சிவப்புக் கதிர் எவ்வளவு புகுந்ததோ, அது அதில் தெரியாது. விழித்திரைக்கு வலி தெரியாது. வெந்தாலும் அந்த நொடியில் உணர மாட்டோம். பார்வை மங்குவது பல மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும்.

தொலைபேசியில் கேட்டேன். "சார், இரண்டாக மடித்துப் போடுங்கள், சரியாகிவிடும்" என்றார்! நான் குரலை உயர்த்திய பிறகு, மாற்றுப் பொருள் அனுப்புவதாகச் சொன்னார். வந்தது, கண் வைத்துப் பார்க்கும் பின்பக்க லென்ஸான ஐபீஸில் திருகுகிற, பொத்தான் அளவிலான ஒரு கறுப்புக் கண்ணாடி. முதலில் வந்ததைவிட இது ஆபத்து. 80 மி.மீ. லென்ஸ் திரட்டிய வெப்பம் முழுவதும் அந்தச் சின்னக் கண்ணாடியில்தான் விழும். எந்த நொடியிலும் அது வெடிக்கலாம். அதற்குப் பின்னால் நம் கண் இருக்கும். சூரிய ஃபில்டர் என்பது தொலைநோக்கியின் முன்வாயில்தான் இருக்க வேண்டும். அது போக, கேமராவை நேராகப் பொருத்தும்போது ஐபீஸே கிடையாது. படமெடுக்கிறேன் என்று சொன்னவனுக்கு இதை அனுப்பியவருக்குத் தொலைநோக்கியைப் பற்றி என்ன தெரிந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வானம் காட்டும் ஓர் ஆசிரியர் தன்னிடம் மிச்சமிருந்த அசல் ஃபிலிம் துண்டைக் கொடுத்தார். அதை வைத்துக் கரூர் பக்கம் வளையத்தைப் படமெடுத்தேன். பணம் மட்டும் வரவில்லை. "கிரகணம்தான் முடிந்துவிட்டதே சார், இனி என்ன பிரச்சினை?" என்பது அவர் கடைசியாகப் பேசியது, பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார். அவர் பில் தரவில்லை. பணம் போனது ஒரு தனிநபர் எண்ணுக்கு. கூரியர் உறையில் அனுப்புநர் முகவரியே இல்லை. இப்படி விற்பதே, புகார் கொடுக்க நம் கையில் எதுவும் மிஞ்சக் கூடாது என்பதற்காகத்தான்.

2027 ஆகஸ்டு 2 அன்று எகிப்தின் லக்சரில் முழு கிரகணம் ஆறு நிமிடத்துக்கு மேல் நீடிக்கும். அதற்கென்றே பயணம் போகிறவர்கள் உண்டு. 2031 மே 21 வளைய கிரகணம் தேனி, மதுரை, காரைக்குடி வழியாக நம் ஊருக்கே வருகிறது. இரண்டுக்கும் முன்னால் இந்த வியாபாரம் சூடு பிடிக்கும். ஃபிலிம் வேண்டுமென்றால் யாரும் தேடாத மாதத்தில், ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். ஒளியடர்த்தி 5ஆ, 3.8ஆ என்று எழுத்தில் கேளுங்கள், 3.8 என்றால் அதன் வழியாகக் கண்ணால் பார்க்கவே கூடாது. இந்த ஆசாமியின் புது விளம்பரம் "கண்ணுக்கும் கேமராவுக்கும் ஒரே ஃபிலிம்" என்கிறது, அடர்த்தி எவ்வளவு என்று எங்கேயும் இல்லை. பில்லோடு வாங்கி ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம்.

பில் இல்லாமல் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், தாளைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள். முழுத் தாளாகக் குப்பையில் கிடந்தால், ஏதாவது ஒரு குழந்தை எடுத்துக் கண்ணில் வைத்துச் சூரியனைப் பார்த்துவிடும்.