மாசாய் மாரா "எல்லாம் அடக்கம்" பேக்கேஜ்: முன்பணம் கட்டுமுன் நுழைவுக் கட்டணத்தைக் கணக்குப் பாருங்கள்

கென்யாவின் மாசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்தில் ஜூலை முதல் அக்டோபர் வரை, வில்டபீஸ்ட் (மாடு போன்ற காட்டு மான்) மந்தைகள் மாரா ஆற்றைக் கடக்கும் பருவத்தில்தான் மலிவு விலை சஃபாரி பேக்கேஜ் மோசடி கொடிகட்டிப் பறக்கிறது. "3 நாள் 2 இரவு, பார்க் கட்டணம் சேர்த்து 400 டாலர்" என்று வாட்ஸ்அப்பில் வரும். ஏமாந்தவர்கள் சொல்வதெல்லாம் ஏறக்குறைய ஒரே கதை.

2024 ஜூலையிலிருந்து, வெளிநாட்டுப் பெரியவருக்கு ஜூலை–டிசம்பர் மாதங்களில் நுழைவுக் கட்டணம் நாளொன்றுக்கு 200 டாலர். சீட்டு காலை 6 முதல் மாலை 6 வரைதான் செல்லும். மதியத்துக்கு மேல் நுழைந்தாலும் தள்ளுபடி இல்லை. முதல் நாள் மாலையும் இரண்டாம் நாள் முழுவதும் உள்ளே போனால் அதற்கே 400. வெளியே தங்கிவிட்டு மூன்றாம் நாள் காலையிலும் நுழைந்தால் இன்னொரு 200. அப்புறம் வண்டி, டீசல், அறை, சாப்பாட்டுக்கு யார் பணம் போடுகிறார்கள்?

யாரும் போடுவதில்லை. நைரோபியிலிருந்து கிளம்பி வழியில் நரோக் ஊரில் சாப்பிட்டு, பிற்பகலில் கேம்ப் சேர்ந்ததும் "மாலை கேம் டிரைவ்" (வண்டியில் விலங்கு பார்க்கும் சுற்று) என்று ஊர்ப் புறம்போக்கில் ஒரு சுற்று. மாராவுக்கு வேலி கிடையாது; வெளியிலும் வரிக்குதிரை, ஒட்டகச்சிவிங்கி நிற்கும். அதனால் உள்ளே போகவே இல்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. செகனானி, தலெக் போன்ற ஒரு கேட்டில் வண்டி நின்று, ரேஞ்சர் சீட்டைப் பார்த்தாரா? இல்லையென்றால் நீங்கள் இன்னும் மாராவுக்குள் போகவில்லை.

இரண்டாம் நாள் நிஜமாகவே உள்ளே போவார்கள், ஆனால் ஒன்பது மணிக்கு. அதற்குள் சிங்கம் நிழல் தேடிப் படுத்துவிடும். மந்தைகள் கடக்கும் ஆறு இருப்பது மேற்கே. செகனானியிலிருந்து கரைக்கு இரண்டு மணி நேரம் வரை ஆகும். அளந்து டீசல் வாங்கி வந்த டிரைவர் கேட்டைச் சுற்றியே வட்டமடித்துவிட்டு, "மந்தை தான்சானியா பக்கம் போய்விட்டது" என்பார். சில நாள் அது உண்மையாகவும் இருக்கும். கரையில் மணிக்கணக்கில் நின்ற மந்தை இறங்காமலே திரும்புவதும் உண்டு. ஆகவே "கிராசிங் கேரண்டி" (மந்தை ஆறு கடப்பதைக் கட்டாயம் காட்டுவோம்) என்று எழுதித் தருபவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

லேண்ட் குரூசருக்கு (நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் வகை வண்டி) பணம் வாங்கிவிட்டு, "ரிப்பேர்" என்று மினிவேன் அனுப்புவது இன்னொரு வாடிக்கை. வறண்ட பருவம்தானே என்று விடாதீர்கள். ஆகஸ்ட், செப்டம்பர் பிற்பகல்களில் இங்கே மழை உண்டு. கரிசல் மண் நனைந்தால் வேன் சக்கரம் அச்சுவரை இறங்கிவிடும். விலங்கு பார்க்க வேன் கூரையைத் தூக்கியதும் ஏழு பேர் எழுந்து நின்றால், நடுவில் நிற்பவருக்குத் தெரிவது பக்கத்தவரின் முழங்கை மட்டுமே.

பணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: கேம்பின் பெயர் (மேப்பில் அது கேட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று பாருங்கள்), எத்தனை 12 மணி நேரச் சீட்டு, வண்டியின் வகை, எத்தனை பேர், கிலோமீட்டர் வரம்பு உண்டா. உள்ளே தங்கினால், கடைசி நாள் காலை 10 மணிக்குள் வெளியேற வேண்டும். கேட்டில் சீட்டைப் படம் எடுங்கள்; உங்கள் காசில் உள்நாட்டவர் விலைச் சீட்டு வாங்கும் ஆட்களும் உண்டு. தேதி, பிரிவு இரண்டையும் சரிபாருங்கள்.

நிறுவனத்துக்குக் கென்யச் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணைய உரிமம் இருக்கிறதா, காட்டோ (KATO) என்ற கென்யச் சுற்றுலா நிறுவனங்கள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடுங்கள். அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் போதாது. தனிநபரின் எம்-பெசா (கென்யாவின் மொபைல் பணச் சேவை) எண்ணுக்கு முழுப் பணமும் போடவே வேண்டாம். ஏற்கெனவே கார்டில் கட்டி ஏமாந்திருந்தால், எழுத்தில் வாங்கிய பயணத் திட்டத்தையும் கேட்டில் எடுத்த படத்தையும் இணைத்து வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது) கேட்கலாம். ரொக்கமாகக் கொடுத்ததற்கு அந்த வழியும் இல்லை.