மிட்டைக் குடைந்தெடுக்கும் பொத்தான்

பேஸ் கிட்டார் ஆம்ப் வாங்க நினைப்பவர்கள் முதலில் வாட்டைக் கேட்கிறார்கள், பிறகு எடையைக் கேட்கிறார்கள், கடைசியில்தான் தொனியைக் கேட்கிறார்கள். முதல் இரண்டும் எந்த விளம்பரத்திலும் கிடைக்கும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். சென்னையில் மெல்லிசை மேடைகளிலும் தேவாலய ஆராதனைகளிலும் பல ஆண்டுகளாக, பாதி நாள் சொந்த ஆம்பிலும் மீதி நாள் வாடகைக்கு வந்து இறங்கும் ஆம்பிலுமாக வாசித்து வருகிற எனக்கு, தொனி என்று வரும்போது தீராத எரிச்சல் ஒன்றே ஒன்றுதான்: ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் முன்பலகையில் வைத்திருக்கிற, மிட்டை, அதாவது ஒலியின் நடு அதிர்வெண்களைக் குடைந்தெடுக்கிற அந்தப் பொத்தான்.

பெயர்தான் வேறு வேறு. கேலியன்-க்ரூகரிலும் ஃபெண்டர் ரம்பிளிலும் அது கான்டூர், பழைய ட்ரேஸ் எலியட்டில் ப்ரீ-ஷேப், எஸ்டபிள்யூஆரில் ஆரல் என்ஹான்சர், மார்க்பேஸில் விபிஎஃப், ஆம்பெக்கில் அல்ட்ரா லோ. கூடக்குறைய எல்லாம் செய்வது ஒரே வேலையைத்தான். மார்க்பேஸின் குமிழைத் திருப்பினால் 380 ஹெர்ட்ஸை மையமாக வைத்து மிட் இறங்கும். அதே நேரத்தில் 35 ஹெர்ட்ஸும் 10,000 ஹெர்ட்ஸும் ஏறும். கடையில் தனியாக உட்கார்ந்து வாசித்துப் பார்க்கும்போது இது தேவாமிர்தமாக இருக்கும் என்பதை மறுக்க மாட்டேன். தரை அதிரும், தந்தியின் உலோகச் சத்தம் பளிச்சென்று கேட்கும், விற்பனையாளரும் அந்த நேரம் பார்த்துத்தான் விலையைச் சொல்வார்.

இதற்குக் காரணம் ஆம்பில் இல்லை, காதில் இருக்கிறது. ஒலி குறைவாக இருக்கும்போது நம் காது கீழ்ப்பகுதியை, அதாவது தாழ்ந்த அதிர்வெண்களை, மிக மங்கலாகவே உணரும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே பெல் ஆய்வகத்தில் அளந்து காட்டிவிட்டார்கள். வீட்டிலும் கடையிலும் மெதுவாக வாசிக்கும்போது அந்தப் பொத்தான் காதின் குறையை ஈடுகட்டுகிறது. மேடையில் ஒலி ஏறியதும் ஈடுகட்ட ஒன்றும் இல்லாமல் போகிறது. ஆனால் குடைந்தெடுத்த பள்ளம் மட்டும் அப்படியே இருக்கிறது. கீழ்ப்பகுதியை டிரம்மரின் கிக் டிரம்மும் தபலாவின் பாயாவும் பிடித்துக்கொள்கின்றன, மேல்பகுதியைச் சிம்பலும் கீபோர்டும் எடுத்துக்கொள்கின்றன, நமக்கு விட்டுவைத்திருப்பது 200 ஹெர்ட்ஸுக்கும் 800 ஹெர்ட்ஸுக்கும் இடைப்பட்ட பகுதிதான். அதையும் நாமே ஒரு பொத்தானை அழுத்தித் தூக்கி எறிகிறோம். பிறகு மிக்ஸரில் இருப்பவரைப் பார்த்து, பேஸ் கேட்கவில்லை என்று கை காட்டுகிறோம். தமிழ்த் திரையிசையில், குறிப்பாக இளையராஜாவின் எண்பதுகளின் பாடல்களில், பேஸ் என்பது தாளத்துக்கு முட்டுக்கொடுக்கும் வேலையை மட்டும் செய்வதில்லை. அது தனியாக ஒரு மெட்டையே பாடிக்கொண்டு போகும், கேட்பவர்கள் அதை முணுமுணுக்கவும் செய்வார்கள். அந்த மெட்டு மிட்டில்தான் வாழ்கிறது. அதைக் குடைந்தெடுத்துவிட்டால் கூட்டத்துக்குக் கேட்பது வெறும் ‘தும் தும்’ மட்டும்தான்.

ஆம்பெக்கை எடுத்துக்கொள்வோம். 1969இல் வந்த எஸ்விடி, பதினான்கு வால்வுகளோடு (பழைய கண்ணாடிக் குழாய்கள்) 300 வாட் தந்த ஆம்ப். அதே ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸின் அமெரிக்கச் சுற்றுப்பயண மேடைகளிலேயே அரங்கேறியது. அதனோடு சேர்ந்து வரும், பத்து அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட கேபினெட்டை உலகம் முழுக்கக் குளிர்சாதனப் பெட்டி என்றே அழைக்கிறார்கள். மாடிப்படியில் ஒரு முறை தூக்கியவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. இவ்வளவு பெரிய பெட்டி பூமிக்கு அடியில் இருந்து ஒலி எழுப்பும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்த மூடிய கேபினெட்டின் ஒலி 58 ஹெர்ட்ஸ் அளவிலேயே இறங்கத் தொடங்கிவிடுகிறது, நான்கு தந்தி பேஸின் ஈ தந்தியோ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. அடிப்படை அதிர்வில் பெரும்பகுதி வெளியே வருவதே இல்லை. 82இலும் 123இலும் வருகிற அதன் மேல்சுரங்களைக் கேட்டு, இல்லாத அடித்தளத்தைக் காதே கட்டிக்கொள்கிறது. ஆம்பெக்கின் பிரம்மாண்டம் என்று நாம் கொண்டாடுவது உண்மையில் லோ மிட்டின் பிரம்மாண்டம். பழைய எஸ்விடியில் மிட்டுக்கு 220, 800, 3000 என்று மூன்று நிலைகள் கொண்ட தேர்வுச் சுவிட்ச் உண்டு. அதை 800இல் வைத்துக் கொஞ்சம் ஏற்றி வாசித்தால் எந்தக் கூட்டத்திலும் பேஸ் தன் இடத்தை விட்டுக்கொடுக்காது. வாடகைக்கு வரும் ஆம்பெக்குகள் பெரும்பாலும் வால்வு ஹெட்டாக (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப் பெட்டிதான் ஹெட்) இருப்பதில்லை. இருந்தும் அந்தக் கேபினெட் ஒன்றே பாதி வேலையை முடித்துவிடுகிறது. அல்ட்ரா லோவை மட்டும் யாரோ முந்தின நாள் அழுத்திவைத்துவிட்டுப் போயிருப்பார்கள். மேடை ஏறியதும் நான் செய்யும் முதல் வேலை அதை விடுவிப்பது.

கேலியன்-க்ரூகரின் தொனி இதற்கு நேர் எதிர்த்திசையில் இருந்து அதே இடத்துக்கு வருகிறது. எண்பதுகளில் வந்த 800ஆர்பி முழுக்க டிரான்சிஸ்டர் ஆம்ப். கீழ்ப்பகுதிக்கு 300 வாட், மேல்பகுதிக்கு 100 வாட் என்று சக்தியையே பிரித்துத் தருவது. வால்வின் பிசுபிசுப்பு இதில் இல்லை. விரல் தந்தியில் பட்ட கணத்தில் ஒரு சிறு உறுமல் வருகிறது, உடனே நின்றுவிடுகிறது. வேகமான ஓட்டங்களில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக விழுகிறது. தனியாகக் கேட்டால் கொஞ்சம் முரட்டுத்தனமாக, மூக்கால் பேசுவதைப் போலத் தோன்றும். டிரம்ஸ் சேர்ந்ததும் அந்த மூக்குதான் காப்பாற்றுகிறது.

நியாயமாகவும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தப் பொத்தானுக்கு உரிய இடம் ஒன்று உண்டு, அது ஸ்லாப் வாசிப்பு. கட்டைவிரலால் அடித்து, சுண்டி வாசிக்கும்போது மிட் இறங்கியிருந்தால்தான் அந்தச் சொடுக்கு தெளிவாக வெளிவரும். எண்பதுகளின் இங்கிலாந்தில் லெவல் 42 குழுவின் மார்க் கிங்கைப் போன்றவர்களின் கையில் ட்ரேஸ் எலியட்டும் அதன் ப்ரீ-ஷேப்பும் ஒரு காலகட்டத்தின் தொனியாகவே ஆனது இப்படித்தான். நான் பழிப்பது அந்தத் தொனியை இல்லை. எல்லோருக்கும், எல்லாப் பாட்டுக்கும் அதுவே நல்ல தொனி என்று கடைகளில் காட்டப்படுவதைத்தான். சக்திக் கணக்கையும் யாரும் சொல்வதில்லை: ஒரு பகுதியை 3 டெசிபல் ஏற்றினால் அங்கே இரு மடங்கு வாட் வேண்டும், 6 டெசிபல் என்றால் நான்கு மடங்கு. பெரும்பாலான கேபினெட்டுகளால் ஒழுங்காக எழுப்பவே முடியாத 35 ஹெர்ட்ஸுக்கு அந்த வாட்டையெல்லாம் கொட்டிவிட்டு, 500 வாட் போதவில்லை என்று புலம்புவதில் அர்த்தமில்லை.

எடை குறைந்த ஹெட்டுகளின் காலம் இது. இத்தாலிய மார்க்பேஸின் லிட்டில் மார்க் மூன்று கிலோவுக்கும் குறைவான எடையில் 500 வாட் தந்தபோது, முதுகு வலியோடு வாழ்ந்த வாசிப்பாளர்கள் கை கூப்பினார்கள். அதன் தொனியும் பொய் சொல்லாதது. குமிழ்களை நடுவில் விட்டு, விபிஎஃப்பைப் பூஜ்யத்தில் வைத்தால் கிட்டாரின் குணம் அப்படியே வருகிறது. ஆம்பெக்கின் கனமோ கேலியனின் உறுமலோ வேண்டுமென்றால் கையிலிருந்துதான் வர வேண்டும்.

என் சொந்த ஹெட்டும் இந்த எடை குறைந்த வகையைச் சேர்ந்ததுதான். எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. அதிலும் அந்தக் குமிழ் உண்டு. அந்தக் குமிழ்தான் முதலில் கெட்டது. கடற்காற்றோ என்னவோ, திருப்பும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. பிறகு பூஜ்யத்தில் வைத்தாலும் பாதி திருப்பிய நிலையிலேயே மிட்டைத் தின்றுகொண்டிருந்தது. சேவை மையத்தில் கேட்டபோது, குமிழுக்குப் பின்னால் இருக்கும் ‘பாட்’ என்கிற அந்த ஒரு சிறு உதிரிப்பாகத்தை மட்டும் தனியாகத் தர மாட்டார்களாம். முன்பலகையின் முழு போர்டையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகைக்குப் பயிற்சி ஆம்ப் ஒன்றையே புதிதாக வாங்கிவிடலாம்.

ரிச்சி தெருவில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். மூடியைக் கழற்றி, பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். சுண்டு விரல் நகத்தளவு பாட், அதன் மூன்று கால்களும் போர்டோடு ஒட்டிய நிலையில் பற்றவைக்கப்பட்டிருந்தன, ஒரு காலைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருந்தது. அதே அளவில் மாற்று பாட் தெருவில் எங்கும் கிடைக்கவில்லை. “சார், இந்தக் குமிழ உபயோகிப்பீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். பாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, குமிழ் எப்போதும் பூஜ்யத்தில் இருப்பதாகவே சர்க்யூட் நினைத்துக்கொள்ளும்படி முடியளவு கம்பி ஒன்றைப் பற்றவைத்தார். அழகுக்காக வெற்றுக் குமிழை மட்டும் பழைய இடத்தில் பசையால் ஒட்டிக் கொடுத்தார்.

அன்று முதல் அந்த ஹெட் இதுவரை ஒலித்ததிலேயே சிறப்பாக ஒலிக்கிறது. வேறு யாராவது வாசித்துவிட்டுப் போனாலும் மிட் அதே இடத்தில் இருக்கிறது. டெனர் குரலோடும் கீபோர்டின் இடது கையோடும் மோதாமல், அதே நேரம் அமுங்கியும் போகாமல் வருகிறது. எடை இல்லை, தொனி இருக்கிறது, மேடையில் சூடேறி நின்றதும் இல்லை. ஆனாலும் யாருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு சின்ன உதிரிப்பாகத்துக்காக முழு போர்டையும் வாங்கச் சொல்லும் நிறுவனத்தின் பெட்டியை, அது எவ்வளவு இனிமையாகப் பாடினாலும், இன்னொருவர் காசில் வாங்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.

திருச்சியில் வாசிக்கும் நண்பர், விலை இறங்கியிருக்கிறதே வாங்கலாமா என்று இதே ஹெட்டைப் பற்றித்தான் கேட்டிருந்தார். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். நல்ல நிலையில் ஒரு பழைய 800ஆர்பி கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள், அதற்கு வேண்டிய டிரான்சிஸ்டர், பாட் போன்ற உதிரிகள் எந்த ஊரிலும் ஏதோ ஒரு கடையில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் ரம்பிள் 500 போதும், இரண்டு பத்து அங்குல ஸ்பீக்கரோடு ஒரே கையில் தூக்கிவிடலாம், அதன் கான்டூர் பொத்தானை மட்டும் தொடாதீர்கள் என்றேன். உங்கள் ஹெட்டையாவது பாதி விலைக்குக் கொடுங்கள் என்று பதில் வந்தது. பழுதுக் கூலி கொடுத்த வாரத்தில் கேட்டிருந்தால் தந்திருப்பேன். இப்போது விற்பதாக இல்லை.