சீக்கோ 6309 டைவர்: இறுகிப்போன பெசலைக் கழற்றிப் பார்த்த பிறகு

சீக்கோ 6309-7040 வைத்திருப்பவர்கள் அதன் மெஷினைப் பற்றியே பேசுவார்கள். எத்தனை வருஷம் சர்வீஸ் இல்லாமல் ஓடுகிறது, நேரம் எவ்வளவு பிசகுகிறது என்றுதான் பேச்சு போகும். நான் எழுதப்போவது அதன் பெசலைப் பற்றி, அதாவது கண்ணாடியைச் சுற்றி இருக்கும் அந்தச் சுழலும் வளையத்தைப் பற்றி. பழைய டைவர் வாட்சில் முதலில் படுத்துக்கொள்வது அதுதான். அதைச் சரிசெய்ய வாங்கிய சாமான்களில் எது உருப்படி, எது வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு வாட்சைப் பற்றிக் கொஞ்சம். சீக்கோவின் முதல் டைவர் 1965-இல் வந்தது. 6309-7040 மாடல் 1976-இல் தொடங்கி 1988 வரை தயாரிப்பில் இருந்தது. தலையணை போல் உப்பிய கேஸ் (வாட்சின் உலோக உடல்), 4 மணிப் பக்கம் திருகி மூடும் கிரவுன் (நேரம் மாற்றும் குமிழ்), 22 மில்லிமீட்டர் வார், 150 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும் என்ற எழுத்து. உள்ளே 17 கல் வைத்த ஆட்டோமேட்டிக் மெஷின். கையால் சாவி கொடுக்க முடியாது. பின்மூடியில் உள்ள வரிசை எண்ணின் முதல் இலக்கம் வருஷத்தின் கடைசி இலக்கம். இரண்டாவது மாதம்: 1 முதல் 9 வரை எண்கள், அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு ஓ, என், டி என்ற ஆங்கில எழுத்துகள். என்னுடையது 4, அதற்கடுத்து 'என்'. 1974-இல் இந்த மாடலே கிடையாது, ஆகவே 1984 நவம்பர். கப்பலில் ஜூனியர் இன்ஜினியராக இருந்தபோது சிங்கப்பூரில் வாங்கியது.

நான் கடலுக்குள் மூழ்கியவன் அல்ல. எனக்கு இந்த பெசல் பயன்பட்டதெல்லாம் இன்ஜின் ரூமில்தான். எண்ணெய் ஏற்றும்போது பம்ப் ஓடத் தொடங்கியதும் பெசலில் உள்ள முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்துவிடுவேன். அடுத்த டேங்க் சவுண்டிங் (டேங்கில் எண்ணெய் எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற அளவு) எடுக்கும்போது எத்தனை நிமிஷம் ஆனது என்று மனக்கணக்கு போட வேண்டாம். முள் காட்டும் இடத்தில் எண் இருக்கும். சத்தத்திலும் வெக்கையிலும் எண்ணெய்க் கையோடு நிற்பவனுக்கு அது பெரிய உதவி. கரைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மோட்டார் போட்டால், அடுப்பில் ஏதாவது வைத்தால், கை தானாக பெசலுக்குப் போகும். அதனால் பெசல் நகராமல் போனபோது எனக்கு வாட்சில் பாதி போன மாதிரிதான் இருந்தது.

ஒரே நாளில் நின்றுவிடவில்லை. முதலில் 'கிளிக்' சத்தம் மங்கியது. அப்புறம் மணல் அரைபடுவது போல ஒரு கரகரப்பு. கடைசியில் இரண்டு கையாலும் திருப்பினாலும் அசையவில்லை. ஒரு பெரிய ஷோரூமில் காட்டினால், இந்த மாடலுக்கு பாகம் வராது, புதுசு பார்க்கலாம் என்றார்கள். வேறொரு கடையில், நான் தடுப்பதற்குள் துணிகூடச் சுற்றாமல் பிளையரை வைத்துத் திருகினார்கள். பெசல் விளிம்பில், காசின் ஓரம் போல் வரிவரியாக இருக்கும் பல்லில், அந்தக் காயம் இன்றும் இருக்கிறது. இறுகிய பொருளை பலத்தால் திருகக் கூடாது என்பது எந்தப் பட்டறையிலும் முதல் நாள் பாடம். அது வாட்ச் பட்டறைக்கும் பொருந்தாதா?

பெசல் ஏன் இறுகுகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் உடைசல் எதுவும் இருக்காது. பெசலுக்கும் கேஸுக்கும் நடுவே ஒரு ரப்பர் வளையம், அதாவது கேஸ்கட், இருக்கிறது. அதைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வரும், போகும். அது அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. தண்ணீரோடு உப்பு, வியர்வை, சோப்பு, தோல் அழுக்கு எல்லாம் வந்து சேர்கின்றன. தண்ணீர் காய்ந்துவிடும், மற்றதெல்லாம் அங்கேயே தங்கும். பத்து இருபது வருஷத்தில் அது கெட்டிப்படும். கூடவே ரப்பரும் வயதாகி விறைத்துவிடும். கேஸில் ஒரு சின்ன குழி, அதற்குள் ஒரு ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் மேல் ஒரு கடுகு அளவுகூட இல்லாத எஃகுப் பந்து. பெசலின் அடிப்பக்கம் வரிசையாக இருக்கும் பள்ளங்களில் அந்தப் பந்து விழுந்து எழுவதுதான் நமக்குக் கேட்கும் கிளிக். பந்து துருப்பிடித்துக் குழிக்குள் ஒட்டிக்கொண்டால், கிளிக் போய்விடும் அல்லது பெசலையே பிடித்துக்கொள்ளும்.

இந்த அமைப்பைப் பார்த்து எனக்கு சீக்கோ மேல் மரியாதை கூடியது. கண்ணாடிக்கு தனி கேஸ்கட், அதை அழுத்திப் பிடிக்க தனி வளையம். பெசல் அதற்கெல்லாம் வெளியே, அழுத்தினால் பொருந்தும்படி உட்கார்ந்திருக்கிறது. பெசலைக் கழற்றினாலும் கண்ணாடியின் தண்ணீர்த் தடுப்பில் கை வைத்தது ஆகாது. பசையும் இல்லை, ஸ்க்ரூவும் இல்லை. கழற்றி, கழுவி, மாட்ட வேண்டும் என்று நினைத்தே வரைந்திருக்கிறார்கள்.

முதல் வேலை ஊறவைப்பது. நாற்பது வயது வாட்சை அப்படியே தண்ணீரில் போடக் கூடாது. கண்ணாடி கேஸ்கட், பின்மூடி கேஸ்கட் எந்த நிலையில் இருக்கின்றன என்று வெளியிலிருந்து தெரியாது. அதனால் தூத்துக்குடியில் எனக்குத் தெரிந்த வாட்ச்காரர் ஒருவரிடம் போனேன். பெட்டி அளவுக் கடை, பலகையில் பெயர்கூடக் கிடையாது.

"அண்ணாச்சி, மெஷின மட்டும் எடுத்துக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டே, "எடுத்துத் தாரேன். ஆனா அந்தப் பந்து பத்திரம். துள்ளிச்சுன்னா தரையில படுத்துத்தான் தேடணும்" என்றார்.

டயலும் முள்ளும் சேர்ந்த மெஷினை ஒரு மூடி போட்ட டப்பாவில் தனியாக வைத்து, வெறும் கேஸை என்னிடம் கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றார், வற்புறுத்திக் கொடுத்தேன். தனக்கு எது முடியும், வாடிக்கையாளருக்கு எதைச் சொல்லி எச்சரிக்க வேண்டும் என்று தெரிந்த ஆள். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார், தேடிப் பிடியுங்கள்.

வெறும் கேஸை, பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். காலையில் தண்ணீர் கலங்கியிருந்தது, பெசல் ஒரு நூல் அளவு அசைந்தது. துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்தால் உடனே இளகும் என்று சிலர் சொல்வார்கள். இளகலாம், ஆனால் அந்த எண்ணெய் அங்கேயே தங்கித் தூசியைப் பிடித்து வைக்கும். அதை அந்தப் பந்துக் குழிக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்து கத்தி. பெசல், பின்மூடி கழற்றுவதற்கென்றே விற்கிற குட்டைக் கத்தி ஒன்று ஆன்லைனில் வாங்கினேன். பிடி நன்றாக இருக்கிறது, உள்ளங்கையில் நிற்கிறது. ஆனால் வந்தபோது அலகின் முனை இந்த வாட்சின் இடுக்குக்குள் போகாத அளவுக்குத் தடியாக இருந்தது. எண்ணெய்க் கல்லில் தேய்த்து மெல்லியதாக்கிய பிறகுதான் உதவியது. எஃகு தரமானது, தேய்த்த முனை மடங்கவில்லை. அந்த விலைக்கு வாங்கலாம், தேய்க்கத் தயாராக இருங்கள்.

கேஸைச் சுற்றி மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டினேன். கத்திக்கு அடியில் பழைய ஏடிஎம் கார்டிலிருந்து வெட்டிய துண்டு ஒன்று. கத்தி நெம்பும்போது அதன் பாரம் கேஸின் மேல் விழாமல் பிளாஸ்டிக்கின் மேல் விழும். இதையெல்லாம் ஒரு பெரிய, தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுத்தான் செய்தேன். பந்து துள்ளினாலும் பைக்குள்ளேயே கிடக்கும். ஒரே இடத்தில் நெம்பக் கூடாது. இங்கே கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம் என்று சுற்றிவர வேண்டும். கத்தி கண்ணாடிப் பக்கம் வழுக்கினால் விளிம்பு தெறித்துவிடும், ஆகவே தள்ளக் கூடாது, திருப்பத்தான் வேண்டும். மூன்றாவது சுற்றிலோ என்னவோ 'டக்' என்று ஒரு பக்கம் எழும்பியது.

உள்ளே பார்த்ததைச் சொல்ல வேண்டும். பள்ளம் முழுக்க கறுப்பும் சாம்பலுமான களிம்பு, அதன் மேல் வெள்ளையாக உப்புப் பொருக்கு. கேஸ்கட்டை பல்குத்தும் குச்சியால் தூக்கினால் வளையவில்லை, முறுக்கு ஒடிவது போலத் துண்டு துண்டாக வந்தது. பந்து துள்ளவே இல்லை. துருவில் பழுப்பாகிக் குழிக்குள் உட்கார்ந்திருந்தது. ஒரு ஊசி முனையால் ஒரு சொட்டு எண்ணெய் வைத்து மறுநாள் வரை விட்டு, காந்தத்தில் தேய்த்த ஊசியைக் கொண்டுபோனதும் ஒட்டிக்கொண்டு வந்தது. பின்னாலேயே ஸ்பிரிங். ஸ்பிரிங்கில் மேல்பூச்சுத் துருதான், உள்ளே நல்ல எஃகு. பந்து மட்டும் சொரசொரப்பாகிவிட்டதால் புதிது வாங்கிப் போட்டேன்.

கழுவுவதற்கு பழைய டூத் பிரஷ், சோப்புத் தண்ணீர், குச்சி, இவ்வளவே போதும். உலோக ஊசியால் சுரண்ட வேண்டாம். வினிகர் வேண்டவே வேண்டாம். மேலே எண்கள் அச்சிட்ட தகடு அலுமினியம், அதை அரிக்கும்.

இப்போது கேஸ்கட். இந்த வேலை முழுவதும் இந்தச் சின்ன ரப்பரில்தான் நிற்கிறது. நான் இரண்டு விற்பனையாளர்களிடம் வாங்கினேன், இரண்டிலும் 6309-க்கானது என்றே எழுதியிருந்தது. முதலாவது சற்றுத் தடிமன். மாட்டினால் பெசல் மறுபடியும் பழைய மாதிரி இறுக்கம். நகத்தால் நகர்த்த முடியவில்லை. இரண்டாவது சரியாகப் பள்ளத்தில் படுத்துக்கொண்டது. மெல்லியதாகப் போனாலும் ஆபத்துதான், பெசல் தளர்ந்து ஆடும், எங்காவது தட்டினால் கழன்று விழும். கண்ணால் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது. விலை சொற்பம், ஆகவே இரண்டு இடத்தில் வாங்கி மாட்டிப் பார்ப்பதே வழி. கிரீஸைப் பொறுத்தவரை சிலிகான் கிரீஸ் மட்டும். கேஸ்கட்டை விரல்களுக்கு நடுவே உருட்டி, பளபளப்பு வரும் அளவுக்குப் பூசினால் போதும். அதே கிரீஸில் துளி எடுத்து பந்தின் மேல் வைத்தால், மாட்டும்போது அது குழியை விட்டு ஓடாது.

மாட்டுவது கழற்றுவதை விடச் சுலபம். மடித்த துணி மேல் கேஸை வைத்து, கேஸ்கட் எங்கும் பிதுங்கவில்லை என்று பார்த்து, இரண்டு கட்டை விரலாலும் எதிரெதிரே அழுத்தினால் உட்கார்ந்துவிடும். கேஸ் உலர்ந்ததும் வாட்ச்காரரிடம் கொடுத்தேன். பின்மூடிக்கும் புது கேஸ்கட் போட்டு மெஷினை ஏற்றிக்கொடுத்தார்.

இப்போது பெசல் எப்படி இருக்கிறது? ஒரு சுற்றுக்கு 60 கிளிக், நிமிஷத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றும் விரலில் தனியாகத் தெரிகிறது. ஈரக் கையாலும் திருப்ப முடிகிறது, சட்டைக் கையில் உரசினால் நகரவில்லை. வாங்கிய புதிதில் இருந்த பிடிப்பு இதுதான்.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த பெசல் இரண்டு பக்கமும் சுற்றும். இப்போதைய டைவர் வாட்சுகளில் இடஞ்சுழியாக மட்டுமே சுற்றும். தெரியாமல் இடித்துத் திரும்பினாலும் நேரம் கூடுதலாகத்தான் காட்டும், மூழ்கியவர் சீக்கிரம் மேலே வந்துவிடுவார். 6309-இல் அந்தப் பாதுகாப்பு இல்லை. டேங்க் சவுண்டிங்குக்கு இது போதும், உயிரைப் பணயம் வைத்து மூழ்குகிறவர்கள் இதை நம்பக் கூடாது. ஆமை ஓடு போல் உப்பிய இதே உருவத்தில் சீக்கோ 2010களின் நடுவில் கொண்டுவந்த மாடல்களில் ஒருபக்கச் சுழற்சி, 120 கிளிக். கடலுக்குப் போகிறவர்கள் அதை வாங்குங்கள்.

பழைய 6309 வாங்க நினைப்பவர்களுக்கு: சந்தையில் வெளிப்பாகங்களை மாற்றி, புது டயல் போட்டுப் பளபளவென்று விற்பவை நிறைய. பெசல் இறுகியிருக்கிறது என்பதற்காக ஒரு நல்ல பழைய வாட்சை ஒதுக்க வேண்டாம், அதைச் சொல்லியே விலையைக் குறையுங்கள். பெசல் விளிம்பில் பிளையர் தடம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். அந்தக் கை உள்ளே வேறு எதையும் தொட்டிருக்கும்.

எண்கள் அச்சிட்ட தகட்டுக்கும் மாற்று ஒன்று வாங்கினேன். கறுப்பு அடர்த்தியாக இருக்கிறது, அளவும் சரி. ஆனால் எண்களின் கோடுகள் ஒரிஜினலை விடத் தடித்திருக்கின்றன, 12 மணி இடத்தில் இருக்கும் ஒளிரும் முத்து பச்சையாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. கறுப்பு வெளுத்துச் சாம்பலாகிப்போன பழைய தகட்டையே திரும்ப ஒட்டிவிட்டேன். புதியது பையைப் பிரித்தபடி மேசை டிராயரில் கிடக்கிறது. யாருக்காவது வேண்டுமானால் தபால் செலவு மட்டும் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.